கரீமின் மூன்றாவது ரிப்போர்ட்

இதயம் பலவீனமான கரீமுக்கு, செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் சித்திரையிலும் வியர்க்காது. "குளுருது, கம்பளியப் போத்துடி" என்று நான்கு வருடம் மனைவி அசீசுன்னிசாவை விரட்டினார். இதயம் தளர்ந்தால் தைராய்டு சுரப்பும் குறையலாம் என்ற டாக்டர், ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பினார். வந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் குறைவுதான்.

அவரை அடக்கம் செய்து, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்த பிறகு மூன்றாவது ரிப்போர்ட் தபாலில் வந்தது. ரத்தம் எடுத்த தேதி, அந்த நாற்பதாம் நாள்.

அசீசுன்னிசா அதைக் கொண்டுபோய்க் காட்ட, கரீம் இறந்தது தெரியாத டாக்டர், "நார்மலா இருக்குதும்மா. இனிமே குளிராது" என்றார்.

"என் வூட்ட வுட்டுப் போனப்புறம் சரியாயிடுச்சாக்கும்" என்று முணுமுணுத்தபடி வீடு திரும்பியவள், பெட்டியில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்தாள். பிழியும் அளவுக்கு வியர்வை.

அதையும் அவள்தான் துவைக்க வேண்டியிருந்தது.