சனிக்கிழமைக்கு ஆள் வேண்டும்

"சனிக்கிழமை என்னால வர முடியாது அங்கிள்."

லக்ஷ்மிப்ரியா சர்வசாதாரணமாகச் சொன்னாள். மரியநாதனுக்குச் சுருக்கென்றது.

கூலாய் நகரில் அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோருக்கு அவர்தான் சூப்பர்வைசர். வருடக் கடைசியில் சரக்கெல்லாம் எண்ண வேண்டும், வா என்று கூப்பிட்டால், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண் பேசுகிற பேச்சா இது?

"அப்படி என்ன தலைபோற வேலை உனக்கு?"

"வேலையெல்லாம் இல்ல அங்கிள். கூட்டாளிங்களோட டேசாரு பீச்சுக்குப் போறேன்."

"அட, அலமாக்! முப்பது வருஷமா இங்க இருக்கேன். ஒரு சனிக்கிழமை லீவு கேட்டிருப்பேனா?"

"ஏன் அங்கிள் கேக்கல?"

கேள்வியைப் பார்! அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பொந்தியானிலிருந்து மகள் ஐலீன்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? முதல் பேரன், அவன் ஞானஸ்நானத்துக்கு வராம இருப்பேனா? சனிக்கிழமை பார்த்து இங்க ஸ்டாக் எண்ணுறாங்க. இந்த நேரத்துல லீவுன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்? போட்டோ அனுப்பும்மா, பார்த்துக்கிறேன்."

போனை வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் மணி ஐந்தரை. லக்ஷ்மிப்ரியா பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பில்லாத பெண், ஸ்டோருக்கு லாயக்கில்லை என்று மேனேஜருக்கு அப்போதே புகார் எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை மேனேஜர் ரூபேந்திரன் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க புகார் கிடைச்சுது. நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணும் உங்களைப் பத்தி ஒண்ணு அனுப்பியிருக்கு."

"என்னைப் பத்தியா? எவ்வளவு கொழுப்பு! என்னவாம்?"

ரூபேந்திரன் கணினியைப் பார்த்துப் படித்தார்.

"'மரியநாதன் அங்கிளோட பேரனுக்குச் சனிக்கிழமை ஞானஸ்நானம். அவரா லீவு கேக்க மாட்டாரு. நீங்களே அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பிடுங்க சார். அவர் பங்கையும் சேர்த்து நான் வந்து எண்ணி முடிக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் சரி. ஆனா சும்மா வர மாட்டேன். பதிலுக்குத் திங்கட்கிழமை எனக்கு லீவு வேணும்.'"

மரியநாதன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக் குடுத்துடுங்க லா. பாவம், அலுத்துப் போயிருக்கும் பிள்ளை!"