கழற்றினால் நின்றுவிடுமா

"அமுக்கிப் பாருங்க மாமி, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று கீபோர்டை மீனாக்ஷியின் பக்கம் நகர்த்தினான் இசக்கிராஜா.

மீனாக்ஷி அமுக்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்குகளுக்கு நடுவே இசக்கிராஜாவின் கம்ப்யூட்டர் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மவுஸ்கூட அங்கே லேசாகச் சுக்கு மணக்கும்.

மாமி எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கணவர் வாஞ்சிநாதனின் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. மிளகு ஏற்றுமதி செய்கிற ஒருவருக்கு, கப்பல் சரக்கின் காகிதங்களை வீட்டிலிருந்தே தட்டிக் கொடுக்கிறவர் அவர். கைக்குச் சில நாளாவது ஓய்வு கொடுக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று தேவரா ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

வல்லார்பாடம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி கப்பல் ஏறக் காத்திருக்கும்போது ஓய்வாவது ஒன்றாவது? முதலாளி போன் செய்வார். "சுவாமி, ஒரே ஒரு பில் மாத்ரம்." இவரும் வீங்கிய கையோடு போய் உட்கார்ந்துவிடுவார். முடியாது என்று சொல்லும் வாய் அவருக்கு அமையவில்லை, பாவம்.

அதனால் இசக்கிராஜா கையை நோகடிக்காத சாமானாகத் தேடி எடுத்து வைத்தான். நடுவில் வளைந்த கீபோர்டு. உள்ளங்கையில் புறாக்குஞ்சு போல அடங்குகிற மவுஸ்.

மாமி கேட்ட கேள்விகளோ வேறு மாதிரி இருந்தன.

"ஒயரே இல்லையே, இது எதால ஓடறது?"

நகத்தளவு ரிசீவரை எடுத்து அவன் காட்டினான். இதைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், கீபோர்டு, மவுஸ் ரெண்டும் ஓடும்.

"கழட்டினா?"

"கழட்டினா நின்னுரும்."

"முழுசாவா? கொஞ்சங்கூட எழுதாதோ?"

"ஒரு புள்ளி விழாது மாமி."

மாமியின் முகம் மலர்ந்தது. எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்கிறவர்களைத்தான் இசக்கிராஜா பார்த்திருக்கிறான். எப்படி நிற்கும் என்று கேட்க ஒருத்தர் வருவார் என்று அவன் நினைத்ததில்லை.

"பேட்டரி ஒரு வருசம் தாங்கும்" என்றான், வியாபாரத்தை விடாமல்.

"அத்தனையா?" மாமிக்கு அது பிடிக்கவில்லை. "நடுவுல உருவி எடுக்கலாமோன்னோ?"

எடுக்கலாம் என்றான். வளைந்த கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டையான சாதாரண செட் ஒன்றை மாமி கையில் எடுத்தாள். மவுஸைக் கீபோர்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, கடை வாசல்வரை நடந்து திரும்பி வந்தாள். தாம்பாளத்தைக் கொண்டு போகிறவளைப் போல இருந்தது.

"இது போறும். பழசை நீ இன்னிக்கே ஆத்துக்கு வந்து எடுத்துண்டு போயிடணும், கேட்டியா."

"அது ஸ்பேருக்குக் கிடக்கட்டுமே மாமி."

"ஸ்பேரே கூடாது."

"மாமி, நீங்க கீபோர்டு வாங்க வந்தீயளா, அதுக்குப் பூட்டு வாங்க வந்தீயளா?"

மீனாக்ஷி சிரித்துவிட்டாள். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"இன்னிக்கு சாயங்காலம் பூஜை வைக்கணுமே."

அவ்வளவுதான் விஷயம். அஷ்டமி சாயங்காலம் சரஸ்வதிக்கு முன்னால் வைத்த புத்தகத்தையும் பேனாவையும் விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாது. வாஞ்சிநாதன் இதில் மகா கண்டிப்பு. பூஜை வைத்துவிட்டால் வீட்டில் பேப்பரின் மடிப்புக்கூடப் பிரியாது. பால் கவரில் எழுத்துத் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். முதலாளியும் பக்திமான்தான், பூஜையில் இருப்பதை எடு என்று சொல்லமாட்டார்.

ஆனால் போன வருஷம் கீபோர்டின் ஒயர், இரும்பு பீரோவுக்குப் பின்னால் மற்ற ஒயர்களோடு பின்னிக் கிடந்தது. பிரிக்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்ததோடு சரி. பூஜையில் வைக்காத சாமானுக்கு ஏது விலக்கு என்று முதலாளி நியாயம் பேசினார். பண்டிகை முழுக்க அந்த வீட்டில் டக் டக்கென்று தட்டுகிற சத்தம்தான்.

இந்த வருஷம் திதி நீண்டு, பஞ்சாங்கம் ஒரு நாளைக் கூடுதலாகவே கொடுத்திருந்தது. டாக்டர் கேட்டதற்கும் அதற்கும் ஏறக்குறையச் சரியாக வரும்.

"சாருக்குத் தெரியுமா மாமி?"

"அவர்ட்ட மூச்சு விட்டுடாதே. கைக்குச் சொகமா ஒண்ணு வாங்கிண்டு வரேன்னுதான் சொல்லியிருக்கேன். தெரிஞ்சா, சாமி பேரைச் சொல்லி வேலைக்கு வஞ்சனை பண்றியான்னு என்னைப் பிடிச்சுப்பார்."

இசக்கிராஜா தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியைப் பையில் போட்டான். ரிசீவரைத் தனியாக ஒரு கவரில் போட்டு, கவரை மாமியின் கையிலேயே கொடுத்தான்.

அப்போது அவள் போன் அடித்தது. வாஞ்சிநாதன்.

பேசாமல் இரு என்று அவனுக்குக் கை காட்டிவிட்டு அவள் எடுத்தாள். "பாத்தாச்சு. தொட்டாலே அமுங்கறது. இனிமே உங்க கைக்கு ஒண்ணும்…"

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, முதலாளி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி, மிகவும் மெதுவாக அவர் கேட்டார்.

"மீனாக்ஷி, அது நம்ம பூஜைப் பலகைல கொள்ளுமோ?"

மீனாக்ஷி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"கொள்ளும்" என்றாள்.