வந்து சேர்ந்தது

பேனாவை வாங்கிய மரக்கடைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற தச்சுப் பட்டறைக்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கோர்ட் கவுண்டரை மூடப்போகிற நேரம்.

அவர் போட்ட கேஸில், தீர்ப்பில் சொன்ன பணத்தை அவள் எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிட்டாள். அதில் அவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் பட்டறையின் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தத் தீர்ப்பு 'பாக்கி' என்றே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

அது எப்படி என்று புரிந்துகொள்ளவே அவள் நாயாய் அலைந்திருந்தாள்.

பேங்க், ரிப்போர்ட்டில் இருப்பதைத்தான் படிக்கும். ரிப்போர்ட் தயாரிக்கும் கம்பெனி, கோர்ட் பதிவில் இருப்பதைத்தான் எழுதும். கோர்ட்டோ யாருடைய சட்டைப்பையையும் எட்டிப் பார்க்காது. கேஸில் ஜெயித்தவர் வந்து, 'பணம் வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ட் பதிவு மாறும். பதிவு மாறினால் ரிப்போர்ட் மாறும்.

ரசீது இருந்தால் தோற்றவரே மனுக் கொடுக்கலாம்.

அவளிடம் ரசீது இல்லை.

கையில் பள்ளிக்கூட பெஞ்சு ஆர்டர் இருந்தது. அறுப்பு மெஷினுக்கு லோன் கிடைத்தால்தான் அதை முடிக்க முடியும். இல்லையென்றால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். காலையில் கூட ஆசாரி ஒருவர், "நாளைக்கு வரலாமாம்மா?" என்று கேட்டிருந்தார்.

மரக்கடைக்காரர் இரண்டாவது பத்திக்கு வந்திருந்தார்.

ஈரப் பலகையை அனுப்பினார், அதற்குப் பணம் தர முடியாது என்று அன்று அவள் சொன்னாள். எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளிவிட்டு இப்போது சாக்குச் சொல்கிறாள் என்றார் அவர். கோர்ட் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. அதோடு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பது நின்றுபோனது. இன்றைக்குக் கூட அவள் சொல்லி அனுப்பித்தான் அவர் வந்திருந்தார்.

வெளியே ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினார். அவள் மூக்கின் நுனிவரை வந்திருந்த தும்மல் அடங்கியது.

கவுண்டர் குமாஸ்தா கொட்டாவி விட்டார். "படிச்சது போதும் சார், பரீட்சையா வைக்கப்போறேன்? பணம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"யார் கையால?"

மரக்கடைக்காரர் பேனாவைக் கையில் திருப்பிப் பிடித்தார். "வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க இவங்ககிட்ட வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க."

"அவங்க ரசீது கேக்கலையா?"

"வேணுமான்னு நான் கேட்டிருந்தாலே என்னைச் செருப்பால அடிச்சிருப்பாங்க. நான் எழுதிக் குடுத்தாலும் அடிச்சிருப்பாங்க."

"நல்ல பெரியவங்க. சரி, அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? இந்தம்மா எத்தனை தடவை இங்க வந்து நின்னாங்க தெரியுமா?"

"இந்தப் படியை இனி மிதிக்கவே கூடாதுன்னு இருந்தேன்."

"கேஸ் போடறப்ப மட்டும் கால் தானா நடந்து வந்துச்சாக்கும்?"

மரக்கடைக்காரர் குனிந்து கையெழுத்துப் போட்டார். பேனா ஒருமுறை தாளைக் கிழித்தது.

பட்டறைக்காரி நன்றி என்று சொல்ல வாயெடுத்தவள், பையைத் தேவையில்லாமல் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

குமாஸ்தா முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, தாளுக்கு மேலே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜெயித்தவர் கட்டத்தைப் பார்த்தார். தோற்றவர் கட்டத்தைப் பார்த்தார்.

அவள் கவுண்டரை ஒட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவசரத்துல எழுதினா இப்படித்தான்," என்று குமாஸ்தா தாளைத் திருப்பி, பேனாவோடு இருவருக்கும் நடுவில் தள்ளினார். "தகப்பனார் பேர்னு கேட்ட இடத்துல ரெண்டு பேரும் ஒரே பேரை எழுதியிருக்கீங்க. யாரு தப்பா எழுதினீங்களோ, அடிச்சுத் திருத்துங்க."

பேனா நடுவில் கிடந்தது. அவள் எடுக்கவில்லை.

"ரெண்டும் சரிதான் சார்," என்றார் மரக்கடைக்காரர், சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.