பிளேனுக்கு ஆறு மணி நேரம்

கப்பல் வேலை முடிந்து வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்த இன்னாசி, செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஏரல் வீட்டு வாசலில் வந்து நின்றான். பதினொரு மாதம் கழித்துப் பார்க்கும் கணவனிடம் மார்கரெட் எதையும் துருவிக் கேட்கவில்லை. சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் குழம்பைத் தொடாமல் வெறுஞ்சோற்றையே பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் போய் எடுத்தாள்.

"மார்கரெட்டு, நான்தான்," என்றது இன்னாசியின் குரல். "ஜப்பான்ல ஒரு சின்னத் தீவுல எறக்கி விட்டிருக்கான். அடுத்த பிளேனுக்கு இன்னும் ஆறு மணி நேரம் கெடக்கு. ஏர்போர்ட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல. ஊரச் சுத்திப் பாத்தாச்சு, மீனும் தின்னாச்சு. கடல் பக்கத்துலதான் இருக்கு. ஒரு முங்கு போட்டுட்டு வந்து ஏறிருதேன்."

போனைக் காதில் வைத்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

"அவன்கிட்ட சொல்லு," என்றான் பைய. "கடல்ல எறங்க வேண்டாம்னு சொல்லு."

"எறங்காதீங்க, எறங்காதீங்க," என்று மார்கரெட் போனில் கத்தினாள்.

அந்தப் பக்கம் அவன் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தான்.