சேனை வைக்க வந்த கை

விரல் குழந்தையின் உதட்டருகே வந்துவிட்டது.

அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டு. விரல் நுனியில் சீனித் தண்ணீர். விரலுக்குச் சொந்தக்காரர் குழந்தையின் தாய்மாமன், கட்சியில் வட்டச் செயலாளர். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று குடும்பமே அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தது.

பைக் ஓட்டி வந்த கை. வழியில் பார்த்தவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கிய கை.

“முதல்ல கையக் கழுவுங்க. சீனித் தண்ணியெல்லாம் ஆகாது. தாய்ப்பால் மட்டுந்தான்.”

எரிந்து விழுகிற நர்ஸ் என்று அவளுக்கு ஏற்கெனவே பெயர்.

அவர் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. சிரித்தார்.

“தண்ணியே இல்லாம எப்படிம்மா கழுவறது?”

அவளுக்கு முகம் எரிந்தது. அது அவளுடைய கேள்வி. ஆஸ்பத்திரி ஆபீசுக்கு எழுதிக் கேட்டாள். நேரில் போய்க் கேட்டாள். மோட்டார் பழுது என்றார்கள். கொஞ்சம் சமாளியுங்கள் சிஸ்டர் என்றார்கள்.

கீழ்த்தளத்திலிருந்து வாளியில் சுமந்து சமாளித்தாள். ஒரு வாளி எத்தனை கைகளுக்கு வரும்?

ஜன்னலோரத் தொட்டில் காலியாக இருந்தது. கோமளா என்ற தாயின் குழந்தை கிடந்த இடம். குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. நேற்றுதான் துணியில் சுற்றி, நர்ஸ் தானே கொண்டுபோய் அப்பன் கையில் கொடுத்தாள்.

தாய்மாமன் போனை எடுத்தார். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது. துருநிறமாகக் கொட்டியது. பிறகு தெளிந்தது.

பழுதாம், மோட்டார்.

தாய்மார்கள் அவரைக் கும்பிட்டார்கள். அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். நல்ல பிள்ளையாக இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டிக் காட்டினார். ஒரு நன்றியாவது வரும் என்று காத்து நின்றார்.

அவள் சீனித் தண்ணீரை வாங்கிக் கைகழுவும் தொட்டியில் கொட்டினாள். தன் கைகளைக் குழாயடியில் நீட்டினாள்.

உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. நகக்கண்.

கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் கண்கள் ஜன்னலோரத் தொட்டிலில் இருந்தன.

“குழாய மூடும்மா. தண்ணி வீணாப் போவுது.”

அவள் இன்னும் பெரிதாகத் திறந்தாள்.