முதல் கோடு

லேசருக்காகப் போட்ட பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒன்றுபோலவே தெரிந்தன.

கடிகாரக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். குனிந்து, நிறம் பார்த்து, லேசரின் மூன்று ஒயர்களையும் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

கணினி சொல்வதற்கு முன்பே லேசர் எரிந்தது. கீழே கிடந்த எஃகு ஸ்கேலில் பட்டு ஒரு நீலப் பொறி கண்ணில் பளிச்சிட்டது. சுவிட்சை அணைக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

மூன்றாவது ஒயர் பக்கத்துத் துளையில் இருந்தது. மாற்றிச் செருகினார். ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. பலகையும் கருகவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா, இலை வந்துருச்சா?" உள்ளறையிலிருந்து மகள் கேட்டாள்.

"வந்துட்டே இருக்கும்மா."

காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில்.

மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. இலையின் குறுக்குவெட்டுப் படத்தை விரலால் தடவி, எது எந்தப் பாகம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவு கிடையாது. தடவிப் பார்க்கும் படம் பள்ளியில் இல்லை. வேண்டுமானால் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றார்கள். படமே இல்லாத பாடமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று ஆசிரியர் சிரித்தார்.

மகள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

வீட்டில் ஒரு சிறிய சி.என்.சி. மெஷின் இருந்தது. கணினியில் வரைந்ததை அது பலகையில் செதுக்கும். ஓய்வு நேரத்தில் கடிகார முகங்கள் செய்து பார்க்க வாங்கியது. முந்தாநாள் அதில் இலையைச் செதுக்கினார். செதுக்கும் பிட் போன வழியெல்லாம் மரச் சிலாம்பு எழுந்து நின்றது.

மகள் தடவினாள். சுட்டுவிரலில் இரண்டு, நடுவிரலில் ஒன்று.

கடிகாரத் திருகாணி பிடிக்கும் சாமணத்தால் அவற்றை எடுத்தார். ஒட்டடையை விட மெல்லிய சிலாம்புகள். ஒரு துணுக்குகூட உள்ளே தங்கவில்லை.

அதனால்தான் லேசர். மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே பிடியில் இதைப் பொருத்தினால், செதுக்காது, எரிக்கும். சிலாம்பு எழாது. இலையின் சின்னத் துளைகள்கூட விரலுக்குக் கிடைக்கும்.

புள்ளி மட்டும் கூர்மையாக விழ வேண்டும்.

சோதனைக்கு ஒரு கோட்டை எரித்தார். வலக்கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அது உட்கார்ந்து எழுந்த தடம் கண்ணைச் சுற்றி இருந்தது.

கோடு மங்கலாக இருந்தது. நடுவில் ஈரக் கையால் தேய்த்துவிட்டதுபோல.

லேசரின் லென்ஸ் வளையத்தைக் கால் சுற்று திருகினார். இரண்டாவது கோடு. அதே மங்கல்.

இன்னும் கால் சுற்று. லேசரை ஒரு மில்லிமீட்டர் இறக்கினார். இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினார். லென்ஸைத் துடைத்தார். பூதக்கண்ணாடியைத் துடைத்தார். விற்றவனின் பரம்பரையையே திட்டினார்.

பச்சைக் கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம் அறையே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. களைப்பு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அந்த வீட்டுச் சுவரில் எந்தக் கடிகாரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ஆனால் இப்போது எல்லாமே மாலை நான்கைத் தாண்டியிருந்தன.

பதினேழாவது கோட்டுக்குப் பிறகு, அடுத்ததற்காக அவர் எழுந்திருக்கவில்லை.

மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எரியற வாசனை பிரமாதமா வருது. இலைதான் வரல."

"புள்ளி குவிய மாட்டேங்குதும்மா. மட்டமான சரக்கு. நாளைக்கு..."

"குடுங்க இங்க."

பலகையை மடியில் வைத்து, நக நுனியால் ஒவ்வொரு கோடாக வருடினாள். கடைசிவரை போனாள். திரும்பி வந்தாள்.

"எது மொதல்ல போட்டது?"

அவள் விரலைப் பிடித்து முதல் கோட்டில் வைத்தார்.

அவள் சிரித்துவிட்டாள். "இதாம்பா கோடு! தலைமுடி மாதிரி, அவ்வளவு மெல்லிசு. அப்புறம் நீங்க திருகித் திருகிக் கெடுத்துக்கிட்டே வந்திருக்கீங்க. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

அவர் இடக்கண்ணை மூடிக்கொண்டு முதல் கோட்டின் மேல் குனிந்தார். நடுவில் அதே தேய்ப்பு.

பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு, வெறும் வலக்கண்ணால் சுவரைப் பார்த்தார். தேய்ப்பு சுவரில் இருந்தது. கடிகாரத்தில் முட்கள் சேரும் இடத்தைக் காணவில்லை.

மகளைப் பார்த்தார். அவள் முகத்திலும் இருந்தது.

இடக்கண்ணால் மட்டும் பார்க்க அவர் துணியவில்லை. காலையில் கண்ணாடியை நெற்றியில் விட்டுச் சுவிட்சைப் போட்டபோது இரண்டு கண்களும் திறந்துதான் இருந்தன.

எஃகு ஸ்கேலை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ இங்கயே உக்காரு. நான் திருகுறேன். நீ பாத்துச் சொல்லு."

மகள் விரல்களைச் சட்டையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

அவர் நெற்றியிலிருந்த பச்சைக் கண்ணாடியைக் கண்களுக்கு இறக்கினார். பட்டையை இறுக்கினார். இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

இந்த முறை, சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே.