ஓதம் ஏறிய சுவர்

பழைய நீதிமன்றத்தின் சுவர் மழையில் ஊறித்தான் கெட்டது என்ற கதையைப் பெரிய மாப்பிள்ளை பல வருடமாகவே நம்பவில்லை.

சொன்னவன் சகலை. அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துப் பேர் வாங்கிய இன்ஜினீயர். பெரிய மாப்பிள்ளையும் இன்ஜினீயர்தான். ஆனால் சாலைப் பிரிவு. ரோடு போட்டவனை யார் போட்டோ எடுக்கிறார்கள்?

மாமனார் வீட்டுக் கூடத்தில், சகலை விருது வாங்கும் படம் நட்டநடுவில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே அதுதான்.

"சின்ன மாப்பிள்ளை கை வெச்ச பிறகு அந்தக் கோர்ட்டைப் பார்த்தீங்களா? கண்ணை எடுக்க முடியல!" என்றார் மாமனார். அவரும் கட்டடப் பிரிவில் ஊர் ஊராக மாற்றலாகி ஓய்வு பெற்றவர்.

பெரிய மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நமக்கு ஏன் இப்படிப் புகைகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டும் புகைச்சல் அடங்கவில்லை.

"சகலை, ஒரு சந்தேகம். அந்தச் சுவர் ஏன் உப்புப் பூத்து உதிர்ந்துச்சு?"

"மழைதான் அண்ணா. கூரை ஒழுகி இறங்கிடுச்சு."

"அப்போ கூரையைத்தானே சரி பண்ணணும்? சுவர்ல இருந்த சிமெண்டை எதுக்கு உரிச்சீங்க?"

சகலை தட்டையே பார்த்தான். "சாப்பிடும்போது எதுக்கு அண்ணா ஆபீஸ் பேச்சு? குழம்பு ஊத்திக்கங்க."

மாட்டிக்கொண்டான்! காரணமே தெரியாமல் குருட்டாம்போக்கில் உரித்துப் பேர் வாங்கிவிட்டான்!

"தெரியலைன்னா நான் சொல்றேன். அது சுண்ணாம்புச் சுவர். ஈரம் வெளியே போகணும். முன்னே எவனோ ஒரு அரைவேக்காடு மராமத்து பண்றேன்னு மேலே சிமெண்டைப் பூசி, ஈரத்தை உள்ளேயே பூட்டி வெச்சுட்டான். சுவரைக் கெடுத்தது மழை இல்லை. அவன்!"

"அண்ணா, போதும்."

"ஏன், உண்மை கசக்குதா?"

கேட்டுவிட்டு, ஒரு சபாஷை எதிர்பார்த்து மாமனார் பக்கம் திரும்பினார்.

மாமனாரின் கை தட்டிலேயே நின்றுபோயிருந்தது.

"அப்போ சிமெண்டுதான் கெட்டின்னு நெனச்சோம் மாப்பிள்ளை..." தட்டைத் தள்ளி வைத்தார். "நான்தான் கூடவே நின்னு பூச வெச்சேன். மழையாலதான் போச்சுன்னு இருந்தேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமியார் பின்னாலேயே ஓடினார்.

கை கழுவப் போன சகலையின் பக்கத்தில் போய் நின்றார் பெரிய மாப்பிள்ளை. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழாயைப் பார்த்தபடியே கேட்டார்:

"தெரிஞ்சேதானா சகலை, இத்தனை வருஷமா மழை மேல பழியைப் போட்டீங்க?"